டான் பிராட்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்க்கிறவர்களில் 99.94 என்ற டெஸ்ட் பேட்டிங் சராசரியைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரரைப் பற்றிக் கேட்டால், "கடைசி ஆட்டத்தில் டக் அவுட் ஆனாரே" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதற்கு முன்னும் பின்னும் நிறைய இருக்கிறது. புதிதாக அவரைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பிராட்மன் எந்த ஊர்க்காரர்?

டொனால்ட் ஜார்ஜ் பிராட்மன் 1908 ஆகஸ்ட் 27 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கூட்டமண்ட்ரா என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் இரண்டரை வயதுக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பவ்ரல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா ஜார்ஜ் தச்சுவேலை செய்தவர். அம்மா எமிலி வீட்டு முற்றத்தில் மகனுக்கு இடது கையால் பந்து போடுவாராம். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு சிட்னி போய் ஒரு ஆஷஸ் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா தொடர்) டெஸ்ட் பார்த்தார். அதில் சார்லி மக்கார்ட்னி 170 ரன் அடித்தார். இந்த மைதானத்தில் ஆடாமல் ஓயமாட்டேன் என்று அப்பாவிடம் அன்றே சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார்?

யாரும் இல்லை. பவ்ரல் வீட்டின் பின்புறம் ஒரு தண்ணீர்த் தொட்டி, வட்டமான செங்கல் மேடையின் மேல் இருந்தது. சிறுவன் பிராட்மன் ஒரு கோல்ஃப் பந்தை அந்தச் செங்கல் சுவரில் எறிவார். அது தாறுமாறாகத் திரும்பி வரும்போது கையில் இருக்கும் கிரிக்கெட் ஸ்டம்ப்பால் அடிப்பார். வளைந்த சுவர் என்பதால் பந்து எந்தப் பக்கம், என்ன வேகத்தில் வரும் என்று ஊகிக்கவே முடியாது. அடிக்கும் கட்டையோ இரண்டு விரல் அகலம்தான். பொழுதுபோக்காகச் செய்ததுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் கால்கள் அவ்வளவு சீக்கிரம் சரியான இடத்துக்குப் போனதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

யாரும் சொல்லிக்கொடுக்காததால் அவருடைய பாணியும் தனியாக அமைந்தது. மட்டையை இரு கால்களுக்கும் நடுவே ஊன்றுவார். கீழ்க்கை நன்றாகத் திரும்பிப் பிடித்திருக்கும். மட்டையைத் தூக்கும்போது அது நேராகப் பின்னால் போகாமல் ஸ்லிப் ஃபீல்டர்கள் நிற்கும் பக்கம் போய்ச் சுற்றி வரும். இங்கிலாந்தின் பழைய ஆட்டக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் ஆடுகளத்தில் இது செல்லாது என்றார்கள். அந்தப் பிடியில் பந்தை உருட்டி அடிப்பது எளிது, தூக்கி அடிப்பது கடினம். 52 டெஸ்ட்டுகளில் அவர் அடித்த சிக்ஸர்கள் வெறும் 6.

டெஸ்ட் கிரிக்கெட்டில் தொடக்கம் எப்படி இருந்தது?

மோசமாக இருந்தது. 1928 நவம்பர் இறுதியில் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். 18, 1 என்று ஆட்டமிழந்தார். ஆஸ்திரேலியா 675 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் அவரை பன்னிரண்டாவது ஆளாக உட்காரவைத்தார்கள். மூன்றாவது டெஸ்ட்டில் திரும்பி வந்து 79, 112 அடித்தார். அதற்குப் பிறகு யாரும் அவரை அணியிலிருந்து நீக்கவில்லை.

99.94 என்ற சராசரியை எப்படிக் கணக்கிட்டார்கள்?

80 இன்னிங்ஸ், அதில் 10 முறை ஆட்டமிழக்கவில்லை, மொத்தம் 6,996 ரன். ஆட்டமிழந்த 70 முறையால் வகுத்தால் 99.94. இன்னும் 4 ரன் இருந்திருந்தால் சரியாக 100 வந்திருக்கும்.

அவர் காலத்தில் மகத்தானவர்கள் என்று கொண்டாடப்பட்டவர்களைப் பாருங்கள்: வாலி ஹாமண்ட் 58.45, ஜாக் ஹாப்ஸ் 56.94, ஹெர்பர்ட் சட்க்ளிஃப் 60.73, மேற்கிந்தியத் தீவுகளின் ஜார்ஜ் ஹெட்லி 60.83. பிற்காலத்தில் வந்த கிரேம் பொல்லாக் 60.97. உலகின் தலைசிறந்த பேட்ஸ்மேன்கள் எல்லோரும் ஐம்பதுக்கும் அறுபத்தொன்றுக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் கிட்டத்தட்ட நூறில் இருக்கிறார். வேறு எந்த விளையாட்டிலும் முதலாமவருக்கும் அடுத்தவருக்கும் இவ்வளவு இடைவெளியை நான் பார்த்ததில்லை.

சரி, மற்றவர்களிடம் இல்லாதது அவரிடம் என்ன இருந்தது?

சராசரியைவிட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்பார்வை, கால் நகர்வு, கூர்ந்த கவனம் என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஸ்கோர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் வேறொன்று கண்ணில் படும்.

பிராட்மன் டெஸ்ட்டில் ஐம்பதைத் தாண்டியது 42 முறை. அதில் 29 முறை சதம். அதாவது நூறுக்குள் நின்றுபோனது 13 முறைதான். சச்சின் டெண்டுல்கரை எடுத்துக்கொள்ளுங்கள்: 51 சதம், 68 அரைச்சதம். கவாஸ்கர் 34 சதம், 45 அரைச்சதம். டிராவிட் 36 சதம், 63 அரைச்சதம். இவர்கள் யாரும் அவசரக்காரர்களோ கவனம் சிதறியவர்களோ இல்லை. ஐம்பதைத் தாண்டியபின் நூறுக்குள் ஆட்டமிழப்பது மனித இயல்பு, அவ்வளவுதான்.

பிராட்மனின் 29 சதங்களுக்குள்ளே போனால் இன்னும் வியப்பு. அதில் 18 முறை 150-ஐத் தாண்டியிருக்கிறார். 12 முறை இரட்டைச் சதம். அந்தப் பன்னிரண்டில் இரண்டு முச்சதம், ஒன்று 299. அந்த 299-ல் அவர் ஆட்டமிழக்கவில்லை. 1932-ல் அடிலெய்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி விக்கெட் ரன் அவுட் ஆகிவிட்டதால் நின்றுபோனது.

நூறு அடித்ததும் மட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு மனம் ஒரு நிமிடம் தளரும். அப்புறம் இரண்டு தூக்கி அடி, ஒரு கேட்ச். எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களிடம் இதைப் பார்த்திருக்கிறோம். பிராட்மனுக்கு அந்தத் தளர்ச்சி வரவே இல்லை. 1930 ஜனவரியில் உள்நாட்டு ஆட்டமொன்றில் குயின்ஸ்லாந்து மாநில அணிக்கு எதிராக 452 ரன் எடுத்தபோதும் அவர் ஆட்டமிழக்கவில்லை, எடுத்துக்கொண்ட நேரம் 415 நிமிடம். வேகமாகவும் ஆடினார், போதும் என்றும் நினைக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் 99.94.

1930 இங்கிலாந்துத் தொடரைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அவர் எடுத்த ரன்களை வரிசையாகச் சொன்னாலே போதும்: 8, 131, 254, 1, 334, 14, 232. மொத்தம் 974, சராசரி 139.14. வயது 21. லீட்ஸில் அடித்த 334-ல் 309 ரன் ஒரே நாளில் வந்தது, ஜூலை 11 அன்று. உணவு இடைவேளைக்கு முன்பே சதம் போட்டுவிட்டார். ஆனால் தன் ஆட்டங்களிலேயே சிறந்தது லார்ட்ஸில் அடித்த 254 என்றுதான் பிராட்மன் சொல்லிவந்தார். அதில் ஏறத்தாழ ஒவ்வொரு பந்தும் தான் நினைத்த இடத்துக்கே போனது என்பது அவர் கணிப்பு.

'பாடிலைன்' என்பது என்ன?

1930 முடிந்ததும் இங்கிலாந்துக்கு முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ஆளை எப்படி நிறுத்துவது? 1932-33-ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின் ஒரு பதிலோடு வந்தார். ஹரால்டு லார்வுட், பில் வோஸ் ஆகிய வேகப்பந்து வீச்சாளர்கள் பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்துக் குத்திப் போடுவார்கள். லெக் சைடில், அதாவது பேட்ஸ்மேனின் முதுகுப் பக்கம், அவரைச் சுற்றி ஃபீல்டர்கள் வளைத்து நிற்பார்கள், எல்லைக்கோட்டுப் பக்கம் இன்னும் இரண்டு பேர். தடுத்தால் பக்கத்தில் கேட்ச், தூக்கினால் தூரத்தில் கேட்ச், விட்டால் உடம்பில் அடி. ஹெல்மெட் இல்லாத காலம் அது.

முதல் டெஸ்ட்டில் பிராட்மன் ஆடவில்லை. மெல்போர்னில் நடந்த இரண்டாவது டெஸ்ட்டில் மைதானம் நிரம்பிய கூட்டத்தின் முன் இறங்கி, பில் போவ்ஸ் போட்ட முதல் பந்தையே ஸ்டம்ப்பில் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறினார். இரண்டாவது இன்னிங்ஸில், அணி மொத்தமே 191 எடுத்தபோது, அதில் 103 அவருடையது. லெக் பக்கம் நகர்ந்து இடம் ஏற்படுத்திக்கொண்டு, ஆளே இல்லாத எதிர்ப்பக்கமான ஆஃப் சைடில் வெட்டி ஆடினார். ஆபத்தான வழி, அழகாகவும் இல்லை என்று சொந்த நாட்டிலேயே குறை சொன்னார்கள்.

அடிலெய்டில் நிலைமை கைமீறியது. ஆஸ்திரேலிய கேப்டன் பில் வுட்ஃபுலுக்கு நெஞ்சில் அடி. விக்கெட் கீப்பர் பெர்ட் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையோட்டில் விரிசல். இரு நாட்டு கிரிக்கெட் வாரியங்களும் தந்தி அடித்துச் சண்டை போட்டன. தொடரை இங்கிலாந்து 4-1 என்று வென்றது. பிராட்மன் நான்கு டெஸ்ட்டில் 396 ரன், சராசரி 56.57. அவரை அடக்கிக் காட்டிய தொடர் என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சராசரியை வாழ்நாள் முழுக்க வைத்திருந்தாலே ஒருவரை மகத்தான பேட்ஸ்மேன் என்று சொல்லிவிடுவோம்.

ஒரு தனி மனிதரை நிறுத்துவதற்காகப் பிறந்த இந்தத் திட்டம் விளையாட்டின் விதிகளிலும் தடம் பதித்தது. லெக் சைடில் ஸ்கொயருக்குப் பின்னால், அதாவது பேட்ஸ்மேன் நிற்கும் கோட்டுக்குப் பின்னால், இரண்டு ஃபீல்டர்களுக்கு மேல் நிற்கக்கூடாது என்று இன்றும் இருக்கும் விதி 1957-ல் வந்தது. கேப்டன் சொன்னதைச் செய்த லார்வுட் அதன்பின் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. சுரங்கத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர் அவர். 1950-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவிலேயே குடியேறிவிட்டார், மக்களும் அவரை அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1934-ல் சாகும் நிலைக்குப் போனாரா?

ஆமாம். இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் லீட்ஸில் 304, ஓவலில் 244 அடித்து முடித்த சில வாரங்களில் குடல்வால் அழற்சி முற்றி, வயிற்றுக்குள் சீழ் பரவியது. ஆன்டிபயாடிக் மருந்துகள் புழக்கத்துக்கு வராத நாட்கள். அவர் இறந்துவிட்டார் என்ற வதந்திகூடப் பரவியது. மனைவி ஜெஸ்ஸி ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்து உடனிருந்து தேற்றினார். 1932-ல் திருமணம் செய்துகொண்ட இருவரும் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

அவருக்குப் பலவீனமே கிடையாதா?

உண்டு. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் ஆடுகளத்தில் அவர் தடுமாறினார். அந்தக் காலத்தில் ஆடுகளத்தை முழுமையாக மூடிவைக்க மாட்டார்கள், ஆகவே பந்து திடீரென்று எகிறும், நின்று வரும். அப்படிப்பட்ட களத்தில் ஜாக் ஹாப்ஸ்தான் மேல் என்று இரண்டு பேரையும் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கருத்தை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேப்டனாக எப்படி?

கறாரானவர். 1936-37 ஆஷஸ்தான் அவர் தலைமையேற்ற முதல் தொடர். முதல் இரண்டு டெஸ்ட்டும் தோல்வி. அடுத்த மூன்றில் 270, 212, 169 அடித்து மூன்றையும் ஜெயித்தார். 0-2 என்று பின்தங்கிய பிறகு ஐந்து டெஸ்ட் தொடரைக் கைப்பற்றிய அணி வேறெதுவும் இல்லை. அந்தத் தொடரில் எடுத்த 810 ரன், ஒரு கேப்டன் ஒரே தொடரில் எடுத்த அதிகபட்சமாக நீடிக்கிறது. 2025-ல் ஷுப்மன் கில் இங்கிலாந்தில் 754 வரை வந்தார்.

1948-ல் அவர் தலைமையில் இங்கிலாந்து போன அணி 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. லீட்ஸ் டெஸ்ட்டின் கடைசி நாளில் 404 ரன் துரத்தி வென்றார்கள். ஆர்தர் மோரிஸ் 182, பிராட்மன் ஆட்டமிழக்காமல் 173. அவருக்கு அப்போது நாற்பது ஆக ஒரு மாதம் பாக்கி.

கடைசி இன்னிங்ஸில் கண்ணீரால் பந்து தெரியவில்லை என்பது உண்மையா?

1948 ஆகஸ்ட் 14, ஓவல் மைதானம். இங்கிலாந்து 52 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. பிராட்மன் உள்ளே வந்தபோது எதிரணி வீரர்கள் சுற்றி நின்று மூன்று முறை வாழ்த்தொலி எழுப்பினார்கள். எரிக் ஹோலிஸ் போட்ட முதல் பந்தைத் தடுத்தார். இரண்டாவது ஒரு கூக்ளி (எதிர்பார்க்கும் திசைக்கு மாறாகத் திரும்பும் பந்து), மட்டையின் உள்விளிம்பில் உரசி ஸ்டம்ப்பில் விழுந்தது. பூஜ்யம்.

கண்ணீர்க் கதையை அவர் மறுத்திருக்கிறார். மனம் நெகிழ்ந்தது உண்மை, ஆனால் பந்து தெரியாத அளவுக்கு இல்லை என்றார். சராசரி நூறாக 4 ரன் தேவை என்பதும் அப்போது தனக்குத் தெரியாது என்றார். ஹோலிஸிடமிருந்து அந்தப் பெருமையைப் பறிக்க வேண்டாம், நல்ல பந்து அது. ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றதால் இரண்டாவது முறை ஆடும் வாய்ப்பும் வரவில்லை.

இந்தியாவுக்கு எதிராக ஆடினாரா?

ஒரே ஒரு தொடர், 1947-48-ல், ஆஸ்திரேலியாவில். இந்திய மண்ணில் அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் அது. லாலா அமர்நாத் கேப்டன். பிராட்மன் 185, 13, 132, ஆட்டமிழக்காமல் 127, 201, 57 என்று 715 ரன் குவித்தார். தொடர் 4-0. ஒரே டெஸ்ட்டின் இரண்டு இன்னிங்ஸிலும் அவர் சதம் அடித்தது 132, 127 எடுத்த அந்த மெல்போர்ன் ஆட்டத்தில் மட்டும்தான். முதல் தர ஆட்டங்களில் தன் நூறாவது சதத்தையும் இந்தியர்களுக்கு எதிராகத்தான் சிட்னியில் அடித்தார். 99-ல் இருந்தபோது, அதுவரை பந்து வீசாத கிஷன்சந்தை அமர்நாத் அழைத்தார். பிராட்மன் அவசரப்படாமல் ஒரு ரன் ஓடினார்.

அதே பயணத்தில் வினூ மன்கட், பந்து போடும் முன்பே பந்துவீச்சாளர் முனையில் கோட்டை விட்டு நகர்ந்த ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் பிரவுனை ரன் அவுட் செய்தார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கொதித்தன. விதிக்கு உட்பட்டுத்தான் மன்கட் செய்தார் என்று தன் நூலில் தெளிவாக எழுதியவர் எதிரணி கேப்டனான பிராட்மன். இப்படி ஆட்டமிழக்கச் செய்வதற்கு மன்கட்டின் பெயரைச் சூட்டி இன்றும் வம்பு வளர்க்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தமிழர்களோடு ஏதாவது தொடர்பு?

இருக்கிறது. சென்னை வேகப்பந்து வீச்சாளர் சி.ஆர். ரங்காச்சாரி தன் முதல் டெஸ்ட்டை ஆடியது, பிராட்மன் 201 அடித்த அந்த அடிலெய்டு ஆட்டத்தில்தான். 1948-ல் இங்கிலாந்து போகும் வழியில் ஆஸ்திரேலியக் கப்பல் கொழும்பில் நின்றபோது இலங்கை அணியோடு ஓர் ஆட்டம் நடந்தது. எதிரணி கேப்டன் மகாதேவ சதாசிவம், இலங்கை கண்ட மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர்.

அப்புறம் சேப்பாக்கம். பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டிய முதல் ஆள் கவாஸ்கர், தாண்டிய இடம் சேப்பாக்கம், 1983 டிசம்பர். மால்கம் மார்ஷல் ரன் எதுவும் வருவதற்குள் இரண்டு விக்கெட்டை எடுத்துவிட்டார். நான்காவதாக இறங்கிய கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236 அடித்தார். 29 சதத்துக்கு பிராட்மன் எடுத்துக்கொண்டது 52 டெஸ்ட் என்பதையும் அன்று எல்லோரும் சேர்த்தே பேசினார்கள்.

சக வீரர்களுக்கு அவரைப் பிடிக்குமா?

எல்லோருக்கும் இல்லை. பில் ஓ'ரைலி, ஜாக் ஃபிங்கிள்டன் இருவருக்கும் அவரோடு கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் மதுக்கூடத்தில் கூடிப் பேசுவது ஆஸ்திரேலிய வழக்கம். பிராட்மன் அறைக்குப் போய்விடுவார். பியானோ வாசிப்பார், கடிதம் எழுதுவார். கத்தோலிக்கர்கள், புராட்டஸ்டன்டுகள் என்ற பிளவும் அன்றைய அணியில் இருந்தது. அவர் வேலை பார்த்த அடிலெய்டு பங்குத் தரகு நிறுவனம் 1945-ல் திவாலாகி, அதன் உரிமையாளர் சிறை சென்றபோது, பிராட்மன் உடனே தன் பெயரில் நிறுவனம் தொடங்கியதையும் ஊரில் சிலர் மன்னிக்கவில்லை.

வீட்டிலும் துயரம் இருந்தது. முதல் குழந்தை பிறந்த உடனே இறந்தது. மகன் ஜானுக்கு இளம்பிள்ளைவாதம், மகள் ஷெர்லிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். தந்தையின் பெயரைச் சுமக்க முடியாமல் ஜான் 1972-ல் தன் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டார், பல ஆண்டுகள் கழித்துப் பழைய பெயருக்குத் திரும்பினார். புகழ் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை இதைவிடச் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வுக்குப் பிறகு?

1949-ல் 'சர்' பட்டம். நீண்ட காலம் தேர்வாளர், இரண்டு முறை ஆஸ்திரேலிய வாரியத்தின் தலைவர். 1971-ல் நிறவெறிக் கொள்கை நடைமுறையில் இருந்த தென்னாப்பிரிக்காவின் அணி ஆஸ்திரேலியா வர இருந்தது. முதலில் அந்தப் பயணம் நடக்க வேண்டும் என்ற பக்கமே பிராட்மன் இருந்தார். பிறகு தென்னாப்பிரிக்காவுக்கே போய் பிரதமர் ஃபோர்ஸ்டரைச் சந்தித்தார். போராட்டக்காரர்களில் ஒருவரான மெரிடித் பர்க்மனோடு கடிதம் எழுதி வாதாடினார். கடைசியில் பயணம் ரத்தானது. அறுபது வயதைத் தாண்டியவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார் என்பதை நான் அவருடைய எந்த இன்னிங்ஸுக்கும் குறைவாக மதிப்பிடமாட்டேன். ரத்தான அந்தப் பயணத்துக்குப் பதிலாக வந்த உலக அணியில் கேப்டன் கேரி சோபர்ஸ் மெல்போர்னில் 254 அடித்தார். ஆஸ்திரேலிய மண்ணில் தான் பார்த்த மிகச் சிறந்த ஆட்டம் அதுதான் என்றார் பிராட்மன்.

1998-ல் தொண்ணூறாவது பிறந்தநாளன்று சச்சினும் ஷேன் வார்னும் அடிலெய்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் சச்சினைப் பார்த்து, தன்னைப் போலவே ஆடுகிறான் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியவர் அவர். 2001 பிப்ரவரி 25 அன்று, 92 வயதில் காலமானார்.

இன்று ஆடியிருந்தால் 99.94 எடுப்பாரா?

இதற்கு விடை கிடையாது. அவரைத் தன் காலத்து ஆட்களோடு ஒப்பிடுவதே நியாயம். அதே ஆடுகளம், அதே பந்துவீச்சாளர்கள், அதே மட்டை. ஹாமண்டும் சட்க்ளிஃபும் அதில்தான் ஆடினார்கள்.

அவருடைய எந்தச் சாதனைகள் இன்னும் நிற்கின்றன?

சராசரி. 12 இரட்டைச் சதம். ஒரு தொடரில் 974 ரன். ஒரே நாளில் 309. ஒரே நாட்டுக்கு எதிராக 5,028 ரன், 19 சதம், இரண்டும் இங்கிலாந்துக்கு எதிராக. ஆஸ்திரேலியரின் அதிகபட்சமாக இருந்த 334-ஐ 1998-ல் பெஷாவரில் மார்க் டெய்லர் தொட்டார். மறுநாள் காலை ஒரு ரன் எடுத்துத் தாண்டியிருக்கலாம், ஆனால் டிக்ளேர் செய்துவிட்டார்.

ஒருநாள் ஆட்டம் ஆடியிருக்கிறாரா?

இல்லை, அவர் காலத்தில் அது கிடையாது. ஆனால் 1971 ஜனவரி 5 அன்று மெல்போர்னில் உலகின் முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டம் நடந்தபோது ஆஸ்திரேலிய வாரியத்தின் தலைவர் பிராட்மன்தான். மழையால் டெஸ்ட் கைவிடப்பட்டது, அதற்குப் பதிலாக நாற்பது ஓவர் ஆட்டம் வைத்தார்கள். எட்டுப் பந்து ஓவர்கள். ஆஸ்திரேலியா ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.